மடிப்பு மேசையின் இடிதாங்கி

எங்கள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் காலை எப்போதும் பாதித் தூக்கத்தில்தான் விடியும். நீராவி வெள்ளையாய் எழுந்து நிற்கும். அதற்குள் நின்று பன்னிரண்டு பெண்கள் படுக்கை விரிப்புகளை மடிப்போம். பேச்சுகூடப் பஞ்சுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். சூப்பர்வைசர் அக்கா அந்த ஆவிக்குள் மிதந்து வருவார்.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் இடிதாங்கி. மேலாளர் மாடியிலிருந்து இறக்குகிற இடியை வாங்கிக்கொண்டு, எங்களிடம் வரும்போது தூறலாக்கிவிடுவார். பதினெட்டு வருஷம் எங்களோடு மடித்தவர். தூக்கத்திலும் அம்மா போர்வையை நாலாக மடிக்கிறாள் என்று அவருடைய மகள் கேலி செய்வாளாம்.

ஒருநாள் உத்தரவு வந்தது. மிக மெதுவாக மடிப்பவரின் பெயரை அக்கா வெள்ளிக்கிழமைக்குள் எழுதித் தர வேண்டும், அவரை வேலையிலிருந்து நிறுத்தப்போகிறார்கள். யாரென்று எல்லோருக்கும் தெரியும். நாங்கள் 'நிதானம்' என்று கூப்பிடுகிறவள். மணிக்கு நாங்கள் அறுபது மடித்தால் அவள் நாற்பது. புருஷன் படுத்த படுக்கை. அவள் சம்பளத்தில்தான் அடுப்பெரிகிறது. பாவமாக இருந்தது. என் பெயர் இல்லையே என்று நிம்மதியாகவும் இருந்தது. வெட்கக்கேடுதான், ஆனாலும் சொல்கிறேன்.

அக்கா மூன்று நாள் நிதானத்தின் பக்கத்தில் நின்று மடித்தார். நிதானம் ஒவ்வொரு விரிப்பையும் கன்னத்தில் வைத்து ஈரம் பார்ப்பாள். ஈர விரிப்பில் கிடந்தால் நோயாளிக்கு முதுகு புண்ணாகும். பார்க்க வேண்டும் என்பதுதான் விதி. வேகத்துக்காக நாங்கள் அதைக் காற்றில் பறக்கவிட்டிருந்தோம்.

வெள்ளிக்கிழமை மேலாளர், அக்கா எழுதித் தந்த காகிதத்தோடு இறங்கி வந்தார்.

"என்னம்மா, உங்க பேரையே எழுதியிருக்கீங்க?"

"மெதுவா மடிக்கிறவங்க பேருதானே சார் கேட்டீங்க. ஈரம் பாத்து மடிச்சா எனக்கு முப்பத்தெட்டுதான் வருது."

"இத நான் மேல எப்படிச் சொல்றது?"

"நான் சொன்ன மாதிரியே சொல்லுங்க. தனியா போகக் கஷ்டமா இருந்தா நானும் கூட வர்றேன்."

மேலாளருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருவரும் படியேறினார்கள்.

என் அடுக்கின் மேலிருந்த விரிப்பைத் தொட்டேன். ஈரம் போகாமல் ஜில்லென்றிருந்தது. பிரித்தேன். எதிரே நின்றவளும் பிரித்தாள். பிறகு ஒவ்வொருவராக. ஆவிக்குள் வெள்ளைத் துணிகள் மெல்ல மெல்ல விரிந்தன. கன்னத்தில் வைத்து ஈரம் பார்த்துத்தான் திரும்ப மடித்தோம்.

அவர்கள் திரும்பி வந்தபோது அந்த மணியின் கணக்கில் பன்னிரண்டு பேரில் ஒருவரும் நாற்பதைத் தாண்டவில்லை. அனுப்புவதென்றால் எல்லோரையும் அனுப்ப வேண்டும். மேலாளர் கணக்கை இரண்டு முறை படித்தார். பிறகு நேராக நிதானத்திடம் போய், ஈரம் எப்படிப் பார்ப்பது என்று கேட்டார்.