ஆஸ்பத்திரி அகதா

கை வீங்கி யார் வந்தாலும் அகதா முதலில் அந்தக் கையைத் தொடமாட்டாள். "ரெண்டு கையையும் மடியில வையி" என்பாள். நல்ல கையையும் நோகிற கையையும் மாறி மாறிப் பார்ப்பாள். கோணல் அதிலேயே தெரிந்துவிடும். யாராவது எண்ணெயும் கையுமாக உருவிவிட வந்தால் தொலைந்தார்கள். "முறிஞ்ச எலும்பு என்ன மாட்டு மடியா, உருவுறதுக்கு? தள்ளி நில்லு லா!"

இது சப்பான்காரன் வருவதற்கு வெகு முந்தி, மலாக்காவில் பெம்பான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். மருந்து கொடுக்க, கட்டுப் போட மூன்று தோட்டத்துக்கு ஒரே டிரசர். அவர் சைக்கிள் வரும்வரை தோட்டத்து ஆஸ்பத்திரி ஆயா அகதாதான் டிரசர். நெடுநெடுவென்று உயரம், ஆண்பிள்ளைக் குரல், கழுத்தில் மாதா சுரூபம். பாக்குமரப் பாளையை நறுக்கிப் பழந்துணி சுற்றிக் கட்டிலடியில் அடுக்கியிருப்பாள், முறிவுக்குக் கட்ட. அந்தத் தோட்டத்தில் இருந்தவர்களுக்கு இன்றைக்கும் பாளை விழுகிற சத்தம் கேட்டால் அவள் ஞாபகம்தான் வரும். பொய்யில்லை.

கட்டுவதற்கு முன்னால் மோதிரம், வளையல் எல்லாம் இறங்கியாகவேண்டும். வீக்கம் ஏறினால் அவை இறுக்கி விரலையே சாகடித்துவிடும்.

பாக்கியலட்சுமி ரப்பர் பால்வாளியோடு சறுக்கி விழுந்து, மணிக்கட்டு முறிந்து வந்தாள். கல்யாணமாகி நாலு மாசம். மூன்று பச்சைக் கண்ணாடி வளையல்கள் சதைக்குள் புதைந்துகொண்டிருந்தன. சோப்புப் போட்டும் நகரவில்லை. விரல்கள் நீலம் பூத்தன. உடைக்கலாமென்றால் மாமியார் முனியாயி குறுக்கே விழுந்தாள்.

"எம்மவன் உசுரோட இருக்கையில இவ வளையல ஒடைக்கிறதா? வேதக்காரி, ஒனக்கென்ன தெரியும்!"

பெண்ணும் கையை மார்போடு அணைத்துக்கொண்டு, "கை போனாலும் போவட்டும்க்கா" என்று அழுதாள்.

அகதா சண்டைக்குப் போகவில்லை. "டிரசரய்யா வாராரான்னு ரோட்டுல பாருங்கக்கா" என்று முனியாயியை அனுப்பிவிட்டு, வெளியே நின்ற காளிமுத்துவை உள்ளே இழுத்தாள்.

"நீதான புருசன்? உசுரோடதான நிக்கிற? நீயே ஒடை. எவன் கேக்குறான்னு பாப்போம்."

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினாள். வளையல்மேல் ஈரத்துணியைப் போட்டு, இடுக்கியை அவனிடம் கொடுத்தாள் அகதா. நொறுக்... நொறுக்... நொறுக்.

அகதா பெண்ணின் நகத்தை அழுத்தி விட்டாள். வெளுத்த நகம் மெல்லச் சிவந்தது. "பொழச்சுக்கிச்சு. இனி மலாக்கா பெரியாஸ்பத்திரிக்குப் போயி எலும்ப நேராக்கிக்கலாம்."

அவள் பாளை வைத்து முன்கை மறையக் கட்டி முடிக்கவும், முனியாயி வாசலுக்கு வரவும் சரியாக இருந்தது. துணிக்குத் தப்பிய இரண்டு பச்சைத் துண்டுகள் தரையில் மின்னின. அகதா வெறுங்காலை அவற்றின்மேல் வைத்து அழுத்தி நின்றுகொண்டு, "கோப்பி குடிச்சீங்களாக்கா?" என்று சிரித்தாள்.