மரோட்டி மரத்தடியில் நான் சொன்ன பெயர்

பேய், முனி, மோகினி என்று யாராவது பேச்செடுத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தென்காசி ரயில் நிலையத்தில் பார்சல் குமாஸ்தா நான். எதுவானாலும் எடை போட்டு, சீட்டு ஒட்டி, கையெழுத்து வாங்கினால்தான் அப்படி ஒன்று இருக்கிறது என்றே ஒத்துக்கொள்வேன். என் தங்கைக்குக் காய்ச்சல் வந்து மந்திரிக்க ஆள் வந்தபோது வாசலிலேயே மறித்துச் சண்டை போட்டுத் திருப்பி அனுப்பியவன். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், மேற்கொண்டு படித்துவிட்டு, இவன் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி போலிருக்கிறது என்று நீங்கள் முடிவுகட்டிவிடக் கூடாது. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் இதை நம்பமாட்டேன். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

எனக்கு இருந்த ஒரே பைத்தியம் மரம். இன்ன மரம் என்று பெயர் தெரியாமல் ஒரு மரத்தைத் தாண்டிப் போனால் அன்றைக்குச் சோறு இறங்காது. என்னைப் போலவே இன்னும் இரண்டு பைத்தியங்கள் இருந்தன. ஒருவர் பலவேசம் அண்ணாச்சி, அச்சன்புதூரில் வயலும் தோப்பும் உள்ளவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இன்னொருவர் குட்டன், செங்கோட்டைக்கு அந்தப் பக்கத்து மலையாளத்துக்காரர், குற்றாலத்தில் சாரல் காலத்தில் மட்டும் திறக்கிற ஒரு சின்ன வைத்தியசாலையில் கம்பவுண்டர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மூவரும் கிளம்பிவிடுவோம். மலையில் தானாக முளைத்தது, பங்களாத் தோட்டங்களில் துரைமார் எங்கிருந்தோ கொண்டுவந்து நட்டது, ரோட்டோரத்தில் நிற்பது என்று ஒன்றையும் விடுவதில்லை. ஒருவருக்குத் தெரியாதது மற்றவருக்குத் தெரியும், மூவருக்கும் தெரியாவிட்டால் அந்த வாரம் முழுக்கச் சண்டைதான்.

சண்டை கைகலப்பில் முடியாமல் இருக்க நான் சில விதிகள் போட்டிருந்தேன். மரத்தைப் பார்த்ததும் வரிசையாகக் கேள்வி கேட்க வேண்டும். இலை எதிரெதிராக இருக்கிறதா, மாறி மாறியா? விளிம்பு மழமழப்பா, பல் பல்லா? கிள்ளினால் பால் வருகிறதா? காய் எப்படி? இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் ஒரு பெயர் மிஞ்சும். அப்போதும் கொப்பும் காயும் கையில் இல்லாமல் யாரும் பெயர் சொல்லக் கூடாது. அண்ணாச்சிக்கு மட்டும் இதோடு ஒரு தனி வழக்கம் உண்டு, எதையும் நாக்கில் வைத்துப் பார்த்துவிடுவார். இலை, பட்டை, பிசின் எதுவும் தப்பாது.

ஒரு வருஷம் ஆனி மாதம் அண்ணாச்சி குடும்பத்தோடு குற்றாலத்தில் வீடு பிடித்துத் தங்கியிருந்தார். குட்டனுக்கு வேலை இருந்ததால் நாங்கள் இருவர் மட்டும் காலையில் செண்பகாதேவி அருவிப் பக்கம் ஏறினோம். பாதி வழியில், ஓடையோரமாக ஒரு பெரிய மரம். காய் ஒவ்வொன்றும் ஆரஞ்சுப் பழம் அளவில், உருண்டையாக, ஓடு கெட்டியாக, மேலே பழுப்பு நிறத்தில் சுணை படிந்து இருந்தது. கேள்வி வரிசையை ஆரம்பிக்கவே இல்லை, அண்ணாச்சி பெயரைச் சொல்லிவிட்டார்.

"விளாவேதான்வே. காட்டு விளா."

"விளாவுக்கு முள்ளு எங்க அண்ணாச்சி? இலை இப்படியா இருக்கும்?"

"காட்டுல வளந்தா மாறும்வே. நான் பாக்காத விளாவா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "விளான்னா தின்னு காட்டுங்க பாப்போம்" என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது. அவர் ஒரு காயைப் பாறையில் போட்டு உடைத்து, உள்ளே இருந்த சதையை விதையோடு வாயில் போட்டு மென்றார். முகம் கோணியது. கசக்கிறது என்று அவரே ஒத்துக்கொள்வார் என்று நான் பார்க்கிறேன், அவரோ என்னிடம் தோற்கக் கூடாது என்று அடுத்தடுத்து ஐந்தாறு விதையை மென்று தின்று முடித்தார். இறங்கி வருகிறபோது தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. உடம்பெல்லாம் வேர்த்து, மூச்சு வாங்கி, கண் செருகிவிட்டது. முதுகில் தூக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டும்போது குட்டனிடம் காட்டக் காய் பறித்துப் போட்டிருந்த பை தண்ணீரோடு போய்விட்டது. விறகு வெட்ட வந்த இரண்டு பேர் கைகொடுத்துத்தான் வைத்தியசாலை வந்து சேர்ந்தோம்.

டாக்டர் நாடியைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "என்ன காய்? எரிக்கிற விஷமா இருந்தா குழாய் விட்டு வயித்தைக் கழுவக் கூடாது, குடல் போயிரும். எரிக்காத விஷம்னா கழுவியே ஆகணும். எது?"

நடந்ததையும் காயின் அடையாளத்தையும் சொன்னேன். குட்டன் தலையை ஆட்டினார். "அந்த அடையாளத்துக்கு இந்த மலையில நாலு மரம் உண்டு சிதம்பரம். காயைக் காணாம நான் பேரு சொல்ல மாட்டேன். விதி நீர் போட்டதாக்கும்."

அண்ணாச்சியின் மனைவி பிச்சம்மாள் மதினி, ஈரத் தலையோடு அருவியிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள். அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. "தம்பி, நீங்க சொன்னீகன்னுதான் தின்னாகளாமே" என்று மட்டும் கேட்டாள். அதைவிட என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். பொழுது சாயும் முன் காயோடு வருகிறேன், இல்லாவிட்டால் வரவேமாட்டேன் என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

அப்போது மணி இரண்டு இருக்கும். நன்றாகக் கவனியுங்கள், பட்டப்பகல். ஆனால் மலையில் மூட்டம் இறங்கிவிட்டது. காலையில் போன பாதைதான், இருந்தாலும் நீட்டின என் கையே எனக்குத் தெரியவில்லை. ஓடைச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். ஓடையோரத்தில் நூறு மரம் நிற்கிறது, எல்லாவற்றுக்கும் இடுப்புக்கு மேல் வெள்ளையாக மறைந்திருக்கிறது, காய் எங்கே தெரியப் போகிறது? ஒவ்வொரு மரமாகக் கட்டிப்பிடித்துத் தடவிப் பார்த்தேன். வழுக்கி விழுந்து முழங்கால் கிழிந்தது. காலில் அட்டை ஏறியிருப்பது தெரிந்தும் பிடுங்கிப் போட நேரம் இல்லை.

எட்டிப் பிடித்த ஒரு கொப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, கொஞ்சம் மேலே இருந்து ஒரு குரல் கேட்டது.

"இலை எதிரெதிரா, மாறி மாறியா?"

ஆண் குரலா பெண் குரலா என்று கேட்டால் எனக்கு இன்றும் சொல்லத் தெரியாது. பழக்கத்தில் என் வாய் பதில் சொல்லிவிட்டது. "எதிரெதிரா."

"அது இல்ல. மேல வா."

குட்டன்தான் துணைக்கு ஆள் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தேன், வேறு என்ன நினைப்பேன்? யாரு, குட்டன் அனுப்பின ஆளா என்று கத்தினேன். பதிலுக்குக் காத்திராமல் மேலே போய் அடுத்த மரத்தைப் பிடித்தேன்.

"மாறி மாறி" என்றேன்.

"விளிம்பு?"

"மழமழன்னு இருக்கு."

"அது இல்ல."

இப்படியே ஐந்தாறு மரம் ஏறினேன். நான் எவ்வளவு ஏறினாலும் குரல் அதே தூரத்தில்தான் இருந்தது. அப்போதுதான் உறைத்தது, எந்த மரத்தைத் தேடுகிறேன் என்று நான் இன்னும் சொல்லவே இல்லை. ஆனாலும் கால் நிற்கவில்லை. மனிதனோ பிசாசோ, எனக்குக் காய் வேண்டும், அவ்வளவுதான். வாய்விட்டே சொன்னேன், எதுவானாலும் சரி, கேள் என்று.

"விளிம்பு?"

"பல் பல்லா இருக்கு."

"கிள்ளிப் பாரு. பால் வருதா?"

"வரல."

"கையைத் தூக்கு."

தூக்கினேன். உள்ளங்கையில் சுணையோடு ஒரு காய் வந்து பொருந்தியது. காலுக்கடியில் ஏதோ நொறுங்கியது, குனிந்து பார்த்தால் காலையில் அண்ணாச்சி உடைத்துப் போட்ட ஓடு. மூன்று காயை இலையும் கொப்புமாக முறித்து மேல்துண்டில் முடிந்துகொண்டேன். திரும்பினேன்.

"உன் பேரைச் சொல்லிட்டுப் போ."

இந்தத் தடவை குரல் மேலே இருந்து வரவில்லை. என் தோளுக்குப் பக்கத்தில் இருந்து வந்தது. மூச்சு படவில்லை, ஆள் நிற்கிற சூடு இல்லை, குரல் மட்டும்.

இதுவரை நான் யாரிடமும் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். "பலவேசம்" என்றேன். பதற்றத்தில் வந்துவிட்டது, அவர் நினைப்பாகவே இருந்தேன் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது பொய். என் பெயர் நாக்கு நுனிவரை வந்தது, நான்தான் அதை விழுங்கிவிட்டு அவர் பெயரைச் சொன்னேன். பேய் இல்லை, பிசாசு இல்லை என்று ஊரெல்லாம் சண்டை போட்டவன் எதற்காகத் தன் பெயரை மறைக்க வேண்டும்? சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இறங்கினேன்.

குட்டன் காயைக் கத்தியால் வெட்டிப் பார்த்தார். விதையை எண்ணவில்லை, இலையைத் தடவவில்லை, முகர்ந்ததுமே சொல்லிவிட்டார். "மரோட்டியாக்கும். இவிடத்துக்காரங்க நீரடிமுத்துன்னு சொல்லுவாங்க. குஷ்டத்துக்கு இதன் எண்ணெயைத்தான் ஊசியில ஏத்துறது. எரிக்காது டாக்டர், கழுவலாம்." டாக்டர் குழாயை எடுத்தார். நான் வெளியே வந்து படியில் உட்கார்ந்து அட்டைகளைப் பிடுங்கிப் போட்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அண்ணாச்சி கண் திறந்தார். என்னைத் தேடிப் பார்த்து, வராத குரலில், "விளா இல்லவே" என்றார். மதினி அப்போதுதான் அழுதாள், சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு குட்டனைத் தனியே கூப்பிட்டு யாரை அனுப்பினீர் என்று கேட்டேன். இந்த மூட்டத்தில் யார் போவார், நான் யாரையும் அனுப்பவில்லையே என்றார்.

இதோடு முடிந்திருந்தால் பயத்தில் காது அடைத்து ஏதோ கேட்டது என்று நானே தள்ளியிருப்பேன். அடுத்த வருஷம் சாரலில் மூவரும் மறுபடி ஏறினோம். அண்ணாச்சி இப்போது எதையும் நாக்கில் வைப்பதில்லை. நடந்துகொண்டே இருந்தவர் நின்றார்.

"கூப்பிட்டீராவே?"

இல்லை என்றோம். இன்னும் கொஞ்ச தூரம் போனதும், "யாரோ என் பேரைச் சொல்லுதாகவே" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். அதற்கடுத்த வாரம் 'வாரேன், வாரேன்' என்று சொல்லிக்கொண்டே பாதையை விட்டு இறங்கி மூட்டத்துக்குள் நடந்தார். நான் பாய்ந்து அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தபோது அவருடைய ஒரு கால் பாறை விளிம்புக்கு வெளியே இருந்தது, கீழே அருவி. "யாருக்குவே இந்த மலைல என் பேரு தெரியும்?" என்று அண்ணாச்சி சின்னப் பிள்ளை மாதிரி என்னைக் கேட்டார்.

அன்று ராத்திரி முழுக்க யோசித்தேன். மறுநாள் லீவு சொல்லிவிட்டுத் தனியாக மேலே போனேன். மத்தியான நேரம், அதே மூட்டம், அதே மரம். அடிமரத்தில் கையை ஊன்றிக்கொண்டு, முழுத் தொண்டையில் கத்தினேன்.

"பலவேசம்னு சொன்னது பொய்! என் பேரு சிதம்பரம். காயைப் பறிச்சது நான். அவரைத் தின்னச் சொன்னதும் நான்தான். கூப்பிடணும்னா என்னைக் கூப்பிடு, அவரை விட்டிரு!"

ஓடைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. மறுபடி கத்தினேன், மூன்றாவது தடவையும் கத்தினேன். கால் மணி நேரம் நின்றிருப்பேன். கடைசியில் என்னைப் பார்த்து எனக்கே வெட்கமாக இருந்தது, ரயில்வே உத்தியோகஸ்தன் வேலைநாளில் மரத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறான். துண்டை உதறித் தோளில் போட்டுத் திரும்பினேன். அப்போது தோளுக்குப் பக்கத்தில் அந்தக் குரல் கேட்டது.

"தெரியும்."

அந்த ஒரு வார்த்தைதான். எப்படி இறங்கி வந்தேன் என்று எனக்கு நினைவில்லை.

அதற்குப் பிறகு அண்ணாச்சியை மலையில் யாரும் கூப்பிடவில்லை. திடமாக இருக்கிறார், இப்போதும் ஞாயிற்றுக்கிழமை வருகிறார், என்னோடு சண்டை போடுகிறார். இதைப் படித்துத்தான் அவருக்கு விஷயம் தெரியப் போகிறது, என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். என்னையும் இதுவரை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் ஒளியக் கூடாது என்று ஒவ்வொரு ஆனியிலும் அந்த மரத்தடியில் போய் நிற்கத்தான் செய்கிறேன். நான் சொன்ன பெயர் பொய் என்று அந்தக் குரலுக்கு முதலிலேயே தெரியும் என்றால், அண்ணாச்சியை எதற்காகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது என்பதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் தூக்கம் போய்விடுகிறது.