சாமியைக் கூப்பிடாத தாளம்

தைப்பூசம் முடிந்த அடுத்த திங்கட்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி, முந்தைய நாளின் நாட்குறிப்பை எழுதி முடித்து, மோட்டார் சைக்கிளோடு ஃபெரி ஏறி அக்கரையில் இருக்கும் மாக் மண்டினுக்குப் போனேன். தொழிற்சாலைக் கிடங்கில் வழக்கமான வேலை. மாலை சுங்கை பினாங்குக்குத் திரும்பினால், அக்கா குடியிருக்கும் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், லிஃப்டுக்கு முன்னால் அவள் கணவர், என் மச்சான், நின்றிருந்தார். கதவு திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. அவர் நகரவில்லை. கிளினிக் போய்த் திரும்பிய அவர் கையை அக்கா பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"காலு கியர் விழல, மாப்ள," என்றார் என்னிடம்.

எங்கள் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர் மச்சான். இரண்டு சரக்கு அடுக்குகளுக்கு இடையே ஆள் நுழையவே யோசிக்கும் சந்தில் வண்டியைத் திருப்பி எடுப்பார். நடுக்குவாதம் என்றார் மருத்துவர். மாத்திரையால் அடக்கி வைக்கலாம், முழுதாகப் போகாது. கை நடுங்கியதை மச்சான் பொறுத்துக்கொண்டார். கால் திடீரென்று தரையோடு ஒட்டிக்கொள்வதைத்தான் தாங்க முடியவில்லை. வேலை போனபின் கிளினிக் நாளைத் தவிர வெளியே வருவதே இல்லை. இப்படியே நாற்காலியோடு முடங்கிவிடுவாரோ என்பதுதான் அக்காவின் பயம்.

அந்த நேரம், கீழ்த்தள மண்டபத்தில், உறுமி அடிக்கும் தம்பி ஒருவர் தோலைச் சரிபார்க்க மெதுவாக நாலு தட்டுத் தட்டினார். மச்சானின் வலது கால் எழும்பியது. பிறகு இடது. லிஃப்டுக்குள் போனவர், நம்ப முடியாமல் வெளியே வந்தார். திரும்பவும் உள்ளே போனார்.

"அங்கிள், ஏறுறீங்களா இறங்குறீங்களா?" என்றாள் காத்திருந்த ஒரு பெண்.

"ரெண்டும்தான் லா!" என்றார் மச்சான். அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

கிளினிக் பெஞ்சில் தம்மைப் போலவே கால் ஒட்டிக்கொள்ளும் சிலரை மச்சானுக்குத் தெரியும். பக்கத்து பிளாக் சீன அங்கிள் உட்பட எல்லாரையும் ஞாயிறு காலை மண்டபத்துக்கு வரச்சொன்னார். வரிசையாக நிறுத்தினார். உறுமித் தம்பி தொடங்கினார். எல்லாரும் நடந்தார்கள். அந்தத் தம்பிக்கோ கை பழகியது சாமியை வரவழைக்கும் கோயில் அடி. சூடு பிடித்ததும் கை தானாக அங்கே போய்விட்டது. பாசாரிலிருந்து மீன் பையோடு வந்த மூன்றாம் மாடி அக்காவுக்கு அருள் வந்துவிட்டது.

"ஏன்டா என்னைக் கூப்பிட்ட?"

மச்சான் கைகூப்பினார். "தெரியாம கூப்பிட்டுட்டோம் தாயே. கால் நடக்கத்தான் அடிச்சோம்."

என் அக்கா திருநீறு எடுக்க மாடிக்கு ஓடினாள். அம்மன் மலையேறிய பிறகு, அடுத்த வாரமும் இந்தச் சாமி வருமா என்று சீன அங்கிள் மலாயில் ஆவலோடு விசாரித்தார்.

இனி மண்டபத்தில் உறுமி கூடாது என்று குடியிருப்பாளர் சங்கம் அன்றே சொல்லிவிட்டது. இத்தோடு மறுபடி நாற்காலிதான் என்று அக்கா கலங்கினாள். மச்சான் காலி பிஸ்கட் டின் ஒன்றைக் கேட்டு வாங்கி, மடியில் வைத்து, மரக்கரண்டியால் தட்டிப் பார்த்தார். கால் எழும்ப வேண்டும், சாமி வரக்கூடாது. அப்படி ஒரு அடியை மாலை முழுக்கத் தேடினார். இடையிடையே கை நடுங்கி, கரண்டி கூடுதலாகத் தட்டியது.

"அது ஃப்ரீ லா, மாப்ள," என்றார்.

இப்போது ஞாயிறுகளில் டின் தாளத்துக்கு நடக்க மண்டபத்தில் இடம் போதவில்லை. மூன்றாம் மாடி அக்கா முன்வரிசையில் நடக்கிறார். மச்சானுக்கு நோய் குறையவில்லை, மாத்திரை கூடியிருக்கிறது. ஆனால் ஞாயிறு காலையில் அவரைப் பிடிக்க முடியாது. என்றாலும் எனக்கு மறக்க முடியாதது, சாமி வந்த அந்த ஞாயிற்றுக்கு மறுநாள் காலை.

விடியும் முன்பே என் வீட்டு வாசலில் டின் சத்தம். கதவைத் திறந்தால் மச்சான். தன் பிளாக்கிலிருந்து தனியாக நடந்து வந்திருந்தார், சட்டையெல்லாம் வியர்வை.

"சீன அங்கிள் கால் ஒட்டிக்கிட்டு படியில நின்னுட்டாராம், போன் பண்ணாரு. வா, போய் இறக்கிட்டு வருவோம்."

அன்று நான் பல்கூடத் துலக்கவில்லை. முதலில் செருப்பை மாட்டினேன். அதற்குள் அவர் தட்டிக்கொண்டே முன்னால் போய்விட்டிருந்தார்.