மச்சினனுக்கு ஒப்புக்கொடுத்த பல்

பல் பிடுங்கினால் எவ்வளவு வலிக்கும் என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது பல் அல்ல, என் மனைவியின் தம்பி. ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும். இன்றைக்கும் அப்படித்தான்.

உலக யுத்தம் நடந்த சமயம் அது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போகிற தோணிகளுக்கு நான் பாய் தைத்துக்கொண்டிருந்தேன். பாய்க்கான கித்தான் துணியைத் தைக்கிற நூல் மெழுகு பூசிய முரட்டு நூல். அதைப் பல்லால் கடித்து இழுத்துத்தான் முடிச்சை இறுக்குவேன். வருஷக்கணக்காகக் கடித்ததில் கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று பிளந்து குழி விழுந்துவிட்டது.

மச்சினன் ஒரு தோணிக்குத் தண்டல். தோணியை நடத்துகிறவன் அவன்தான். அந்த வருஷம் புதுப்பாய் தைக்க வேண்டி வந்தபோது என்னை விட்டுவிட்டு வேறொருவனிடம் கொடுத்தான். அதோடு நிறுத்தினானா? டீக்கடையில் பத்துப் பேர் நடுவில், “எங்க அத்தான் தைக்குத பாய் காத்தைப் பாத்தாப் போதும்லே, தையல் விட்டுப் பல்லக் காட்டிச் சிரிச்சிரும்” என்று சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து நான் அவனோடு பேசுவதில்லை.

புதுப்பாயோடு அவன் கொழும்புக்குப் போன பிறகு அங்கே குண்டு விழுந்தது என்று செய்தி வந்தது. மூன்று வாரமாகியும் தோணி திரும்பவில்லை. மனைவி அழுதுகொண்டே இருந்தாள். எனக்குப் பல் வலி தொடங்கியதும் அதே நாட்களில்தான். ஒரு சாயங்காலம் அவள் பஞ்சில் கிராம்புத் தைலம் நனைத்து என் பல்லில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “நான் தச்ச பாயா இருந்தா இந்நேரம் வந்து சேந்திருப்பான்” என்றேன். அவள் தைலப் புட்டியை மூடி எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலைப் பூசை முடிந்து வந்ததும் சொன்னாள்:

“ஏங்க, மாதாகிட்ட ஒண்ணு நேர்ந்திருக்கேன். உங்க பல்லு வலிய தம்பிக்காக ஒப்புக்கொடுத்திட்டேன். அவன் வந்து சேருத வரைக்கும் நீங்க மருந்து வைக்கக்கூடாது.”

“என் வலிய ஒப்புக்கொடுக்க நீ யாருளா?”

“உங்க பெண்டாட்டி.”

“ஒன் பல்ல நேர்ந்திருக்க வேண்டியதுதான.”

“எனக்குப் பல்லு நல்லா இருக்கே. வலிச்சாத்தான நேர முடியும்?”

வேறு ஊர்க்காரர்களுக்கு இது விளங்குமோ என்னவோ. வருகிற வேதனையை வீணாக்காமல் இன்னாருக்காக என்று ஆண்டவரிடம் ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று சின்ன வயதிலேயே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மாதா சுரூபத்தின் முன்னால் சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுக்க எனக்குத் தைரியமில்லை. ஆனால் யாருக்காக? என் தொழிலைக் கேலி செய்தவனுக்காக.

ஆறு நாள் பொறுத்தேன். கன்னம் வீங்கிக் கண் இடுங்கிப் போனது. கஞ்சி வாயில் பட்டால் காதுவரைக்கும் குத்தும். ஒவ்வொரு குத்துக்கும் மச்சினன் சிரித்த சிரிப்புத்தான் கண்முன் வந்தது. ஏழாவது நாள் காய்ச்சல் கண்டதும் அவளே பயந்துபோய்ப் பங்குச் சாமியாரிடம் ஓடினாள். திரும்பி வந்து, “பிடுங்கலாமாம். பிடுங்குத வலிய ஒப்புக்கொடுத்தா நேர்ச்சை தீந்துருமாம்” என்றாள்.

கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு கம்பவுண்டர் பல் பிடுங்குவார். என் வாயைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “அண்ணாச்சி, மரமரப்பு ஊசி ஒண்ணே ஒண்ணுதான் கிடக்கு. சண்டையில மருந்து வரத்து இல்ல. போட்டுரட்டா?”

நான் தலையாட்டப் போனேன். வாசலில் நின்ற மனைவி, “ஊசி போட்டா வலிக்காதே. வலிக்காம எதை ஒப்புக்கொடுக்க?” என்றாள்.

“அம்மா, பல்லு அவருக்கு. நீங்க செத்த வெளிய இருங்க” என்றார் கம்பவுண்டர்.

அவள் வெளியே போகவில்லை. தம்பியின் உயிர் என் வாய்க்குள் கிடப்பதுபோல என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். “ஊசி வேண்டாம்” என்றேன். பக்தியினால் சொன்னதாக யாரும் நினைக்க வேண்டாம். ஊசி போட்டு அவன் வராமல் போனால், நான் சாகிறவரைக்கும் அந்த ஊசிதான் தம்பியைக் கொன்றது என்பாள். அந்தப் பயம்.

கம்பவுண்டர் என் தொடைமேல் முழங்காலை ஊன்றி, இடுக்கியை வாய்க்குள் விட்டார். பழைய தோணிப் பலகையிலிருந்து துருப்பிடித்த ஆணியைப் பிடுங்கும்போது ஒரு முனகல் கேட்கும். அந்தச் சத்தம் என் மண்டைக்குள்ளேயே கேட்டது. பிறகு படக்கென்று ஒரு முறிவு.

“தலை வந்திட்டு அண்ணாச்சி. வேரு ரெண்டும் உள்ள கிடக்கு” என்றார், ஏதோ நல்ல செய்தி போல.

முதலில் வலித்ததை வலி என்றால் அடுத்து வந்ததற்குப் பெயரே கிடையாது. ஈறைக் கீறி, நெம்பி, விட்டு, மறுபடி நெம்பினார். தாடை தனியாகக் கழன்று வருகிறது என்றே நினைத்தேன். கண்ணில் ஒன்றும் தெரியவில்லை. இடது கால் தானாக உதைத்தது. இயேசுவே இரட்சியும் என்று சொல்ல வேண்டிய நேரம். இரண்டாம் வேர் அசைந்தபோது, இடுக்கியும் இரத்தமும் நிறைந்த வாயால் நான் சொன்னது வேறு: “அவன் கடலுக்குள்ளயே கிடக்கட்டும்.”

சொல் குழறியதால் யாருக்கும் விளங்கவில்லை. நான் செபம் சொல்வதாக நினைத்து மனைவி நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டாள்.

பல் போன இடத்தில் வலி குறைந்தது. அதைவிடப் பெரியது ஒன்று பிடித்துக்கொண்டது. நேர்ச்சை வலியோடு சாபத்தையும் சேர்த்து ஒப்புக்கொடுத்துவிட்டேனே. ஆண்டவர் இரண்டில் எதை எடுத்துக்கொள்வார்? இனி அவன் வராவிட்டால் கொன்றது ஊசியில்லை, நான். அவளோ நேர்ச்சை தீர்ந்த நிம்மதியில் எனக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்ப் பங்குச் சாமியார் காதில் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அவன் உமக்கு என்னய்யா செஞ்சான்?” என்று கேட்டார்.

“என் தையலைப் பழிச்சான் சாமி.”

“அதுக்கா?”

அதற்குத்தான். வெளியே அடுத்தவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். அபராதமாக ஐம்பத்துமூன்று மணிச் செபமாலை சொல்லச் சொன்னார். “அவன் வந்தா வீட்டுக்குக் கூப்பிட்டு உம்ம கையால சோறு போடும்” என்றார்.

“வராட்டா சாமி?”

“வரணும்னு வேண்டிக்கிடும்.”

வேண்டினேன். பல் வலித்த நாட்களில்கூட அப்படி முழங்காலில் நின்றதில்லை. அவன்மேல் பிரியத்தினால் அல்ல. என்மேல் பழி விழக்கூடாதே என்றுதான்.

புதன்கிழமை தோணி வந்தது. கொழும்பில் யாரையும் புறப்பட விடவில்லையாம். அவன் உடம்பில் ஒரு கீறல் இல்லை. கொஞ்சம் சதைகூடப் போட்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டேன். ஆட்டுக்கறி சமைத்திருந்தாள். இலை போட்டு நானே பரிமாறினேன். அவன் எலும்பைக் கடித்து உறிஞ்சிக்கொண்டே, “அத்தானுக்கு ஏன் ஒரு பக்கமா வாய் கோணிக் கிடக்கு?” என்று கேட்டான்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். “நான் அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏத்துனேன்க்கா. அவருதான் கொண்டாந்து விட்டாரு. அத்தான் பல்லு வீணாப் போச்சே” என்று அவன் சிரித்தான்.

“சிரிக்காதலே. அந்த வேதனையிலயும் ஒனக்காகச் செபம் சொல்லிக்கிட்டே இருந்தாரு. நான் காதால கேட்டேன்.”

அவன் சிரிப்பை நிறுத்தினான். கையிலிருந்த எலும்பை இலையில் வைத்தான். “என்ன செபம் அத்தான் சொன்னீங்க?” என்றான். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டான்.

கறிச் சட்டியை எடுத்து அவன் இலையில் இரண்டு துண்டு போட்டேன். சாமியார் சோறு போடத்தான் சொல்லியிருந்தார், பேசச் சொல்லவில்லை.