மணிக்கு இருபத்துநான்கு கிலோமீட்டரில் ஒரு பந்தயம்

காலை 6.10. கோபாலபுரம்.

கார்ப் பந்தயத்துக்குப் போகிறேன் என்று சொன்னபோது பள்ளியில் ஆசிரியர் அறையே சிரித்தது. சிரிக்கட்டும். ஐம்பத்துநான்கு வயதில், இரண்டு முழங்காலிலும் வலியோடு, பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறவள் பந்தயக் காரில் உட்காரக் கூடாது என்று சட்டமா இருக்கிறது? பந்தயத்தின் வேகம் மணிக்கு இருபத்துநான்கு கிலோமீட்டர்தான் என்பதை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு கார் கிளப் நடத்துகிற பந்தயம். கோபாலபுரத்தில் ஒரு மைதானத்தில் புறப்பட்டு கடற்கரை, அடையாறு, கொட்டிவாக்கம், தி.நகர், வடபழனி என்று சுற்றி மறுபடியும் கோபாலபுரம் வர வேண்டும். மொத்தம் முப்பத்தைந்து கிலோமீட்டர். யார் முதலில் வருகிறார்கள் என்பது இங்கே கணக்கில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சராசரி வேகம் கொடுத்துவிடுவார்கள். வழியில் நமக்குத் தெரியாத இடங்களில் கடிகாரத்தோடு ஆட்கள் நிற்பார்கள். அந்த வேகத்தில் வந்தால் எந்த நொடியில் அவர்களைக் கடக்க வேண்டுமோ, அந்த நொடியில் கடக்க வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் ஒரு அபராதப் புள்ளி. ஒரு நொடி முந்தினால் இரண்டு. சென்னையில் சீக்கிரம் போனதற்குத் தண்டனை தருகிற இடம் வேறு எங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஓட்டுகிறவள் ஸ்டெல்லா. கொட்டிவாக்கம் குப்பத்துப் பெண், வயது இருபத்தேழு. அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா திருவான்மியூரில் மீன் விற்கிறவர். மஞ்சள் போர்டு போட்ட ஒரு வெள்ளை செடான் வைத்துக்கொண்டு டாக்ஸி ஓட்டுகிறாள். நான்கு வருடமாக என்னை அடையாறில் இருக்கிற பள்ளியில் கொண்டுபோய் விடுகிறவள் அவள்தான். போன மாதம் ஒரு நோட்டீஸை என்னிடம் நீட்டினாள்.

"நேவிகேட்டர்னு ஒர்த்தர் பக்கத்துல குந்திக்கினு கணக்கு போடணுமாம் டீச்சர். எனக்குத் தெரிஞ்ச கணக்கு டீச்சர் நீங்க ஒர்த்தர்தான்."

நோட்டீஸின் கடைசி வரியைக் காட்டினாள். முதல் மூன்று இடங்களுக்குள் வருகிற புதிய ஓட்டுநர்களுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ரேஸ் ட்ராக்கில் நான்கு நாள் பயிற்சி இலவசம். வெளியே அதற்குக் கட்டணம் நாற்பத்தெட்டாயிரம் ரூபாய். அவளால் அது முடியாது. கார் கம்பெனிகளில் புது வண்டிகளை ஓட்டிப் பார்க்கிற டெஸ்ட் டிரைவர் வேலைக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு அந்தப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். "எவ்ளோ நாள்தான் மூணாவது கியர்லயே ஓட்டறது டீச்சர்? அஞ்சாவது கியர்னு ஒண்ணு கீதுன்றதே மறந்து பூடுச்சு," என்றாள். நான் ஒப்புக்கொண்டேன். நுழைவுக் கட்டணம் ஆயிரத்து ஐந்நூறையும் நானே கட்டினேன்.

மைதானத்தில் இருபத்திரண்டு கார்கள் நின்றன. உயரமான எஸ்யுவிகள் ஆறு, சின்ன ஹேட்ச்பேக்குகள் ஒன்பது, சத்தமே இல்லாமல் வந்து நின்று என்னைப் பயமுறுத்திய ஒரு மின்சார வண்டி, மீதி செடான்கள். டாக்ஸி ஒன்றே ஒன்றுதான். பின் டிக்கியில் பாதியைக் கேஸ் சிலிண்டர் அடைத்துக்கொண்டிருக்கும் வண்டி. பக்கத்து எஸ்யுவிக்காரர் எட்டிப் பார்த்து, "ஏர்போர்ட் டிராப்பா?" என்று கேட்டார். "உங்கள ஏத்திக்கினு போகத்தான் சார் வந்தேன்," என்றாள் ஸ்டெல்லா. அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

கிளப்பின் பயிற்சியாளர் வெங்கட் சார் விதிகளைச் சொன்னார். அறுபது வயதிருக்கும், மயிலாப்பூர்க்காரர், ஒரு காலத்தில் ரேஸ் ஓட்டியவர். "போனை எல்லாம் இந்தக் கவர்ல போட்டு ஒட்டிண்டு வந்துடுங்கோ. வழியில மேப் பாத்தா அவுட். முதல் நாலு கிலோமீட்டர் உங்க மீட்டரைச் சரிபாக்கறதுக்கு. எங்க தூரமும் உங்க மீட்டரும் ஒத்துப்போகலேன்னா உங்க மீட்டரைச் சந்தேகப்படுங்கோ. எங்களைச் சந்தேகப்படாதீங்கோ."

இதைத் தெளிவாகக் காதில் வாங்கிக்கொண்டேன் என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

காலை 7.17. கலங்கரை விளக்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலை என்பதால் ராதாகிருஷ்ணன் சாலை காலியாக இருந்தது. கடற்கரையில் நடக்கிறவர்கள் கூட்டம். வழிக்குறிப்பில் கலங்கரை விளக்கத்துக்கு 4.10 கிலோமீட்டர் என்று போட்டிருந்தது. எங்கள் மீட்டர் 4.0 காட்டியது. நூறு மீட்டர் குறைவு.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பதை வெங்கட் சார் ஒரு மணி நேரம் முன்னால்தான் சொல்லியிருந்தார். ஆனால் நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். மைதானத்தின் பின்பக்க வாசலிலிருந்து அளந்திருப்பார்கள், நாம் முன்பக்கமாக வந்தோம், அதுதான் வித்தியாசம் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். சிவப்புப் பேனாவை எடுத்து வழிக்குறிப்பின் ஓரத்தில் "அளவு தவறு" என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். முப்பது வருடப் பழக்கம்.

7.20க்குப் போட்டி தொடங்கியது. மீட்டரைப் பூஜ்யமாக்கிக்கொண்டோம். சராசரி இருபத்துநான்கு என்றால் ஒரு கிலோமீட்டருக்கு இரண்டரை நிமிடம். ஒவ்வொரு அரைக் கிலோமீட்டருக்கும் நான் நேரத்தைச் சொல்ல, ஸ்டெல்லா அதற்குத் தகுந்தாற்போல் ஓட்டினாள். மெதுவாக ஓட்டுவது இவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சாந்தோம் சிக்னலில் நாற்பது நொடி நின்றோம். அந்த நாற்பதை அடுத்த ஒன்றரைக் கிலோமீட்டரில் அவள் பிடித்தாள். பிரேக்கை அழுத்தி நான் பார்க்கவே இல்லை. முன்னால் போகிற பஸ் எப்போது ஒதுங்கும் என்று அதன் டிரைவருக்கு முன்னாலேயே இவளுக்குத் தெரிந்தது. என் மடியில் இருந்த பேனா உருளக்கூட இல்லை.

காலை 7.30. அடையாற்றுப் பாலம்.

பாலத்தில் ஏறியதும் ஸ்டெல்லா சொன்னாள்: "டீச்சர், வண்டி கொஞ்சம் வேகமா போய்க்கினு கீது."

முள்ளைப் பார்த்தேன். இருபத்தாறு. "சரியாத்தானே இருக்கு?"

"முள்ளு இருவத்தாறுதான் காட்டுது. என்ஜின் சத்தமும் இருவத்தாறுக்குத்தான் கீது. ஆனா லைட்டு கம்பம் சீக்கிரம் சீக்கிரமா வருது. இந்தப் பாலத்த நான் தினமும் ஏறி எறங்கிக்கினு கீறேன் டீச்சர். இந்தச் சத்தத்துக்கு இவ்ளோ சீக்கிரம் வராது."

"கம்பத்தைப் பாத்து ஓட்டாதே, மீட்டரைப் பாத்து ஓட்டு. கம்பத்தை வெச்சு நான் கணக்குப் போட முடியாது."

"இல்ல டீச்சர், ஏதோ ஒண்ணு..."

"ஸ்டெல்லா, கணக்கை நான் பாத்துக்கறேன்."

வகுப்பில் கடைசி பெஞ்சிடம் பேசுகிற குரல் அது. எனக்கே கேட்டது. அவள் பார்வையை முள்ளுக்கு மாற்றிக்கொண்டாள். எல்.பி. சாலையில் ஒரு மருந்துக் கடை வாசலில் ஒருவர் கொடியோடு நின்று நேரத்தைக் குறித்துக்கொண்டார். திருவான்மியூர் சிக்னலைத் தாண்டி ஈ.சி.ஆரில் இன்னொருவர். இரண்டு இடத்திலும் என் கணக்குப்படி நொடி பிசகவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. "முதல் பரிசே வரும் பாரு," என்றேன்.

காலை 7.43. கொட்டிவாக்கம்.

இங்கே திரும்பி வர வேண்டும். வழிக்குறிப்பில் திரும்புமிடம் 9.30. எங்கள் மீட்டரில் 9.1க்குக் கொஞ்சம் குறைவு.

இரண்டு எண்ணையும் தாளில் கழித்துப் பார்த்தேன். வாசலை மாற்றி அளந்த தவறு என்றால் அது அந்த ஒரு இடத்தோடு நின்றிருக்க வேண்டும். இது வளர்கிறது. நான்கு கிலோமீட்டருக்கு நூறு மீட்டர், ஒன்பதுக்கு இருநூற்று முப்பது. இப்படித் தூரத்தோடு சேர்ந்து வளர்கிற வித்தியாசத்துக்கு என்ன பெயர் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். நேர்விகிதம். தப்பு எங்கள் வண்டியில்தான்.

"ஸ்டெல்லா, சக்கரத்துல ஏதாவது மாத்தினியா?"

"போன வாரம் டயரு மாத்தினேன் டீச்சர். மழைன்னா எங்க தெருவுல சைலன்சர் வரைக்கும் தண்ணி ஏறிக்குது. அதான் வண்டி தூக்கலா இருக்கட்டும்னு ஒரு சைஸ் பெருசா போட்டேன்."

அவ்வளவுதான் விஷயம். மீட்டர் தூரத்தை அளப்பதில்லை, சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணுகிறது. பெரிய டயர் ஒரு சுற்றில் அதிகத் தூரம் ஓடும். மீட்டர் ஒரு கிலோமீட்டர் என்று சொல்லும்போது நாங்கள் உண்மையில் இருபத்தைந்து மீட்டர் கூடுதலாகப் போயிருக்கிறோம். முள்ளும் அதே அளவு குறைத்துத்தான் காட்டியிருக்கிறது. வேகமாகப் போகிறது என்று அவள் சொன்னது அப்படியே சரி. இரண்டு இடத்திலும் முந்திப் போயிருக்கிறோம். முந்தினால் இரட்டைப் புள்ளி.

அப்போது நான் செய்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. "டயர் மாத்தினதை ஏன் முன்னாடியே சொல்லலை?" என்று அவள் மேல் பாய்ந்தேன்.

"நீங்க கேக்கலியே டீச்சர்," என்றாள். சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இருபத்தைந்து மீட்டர் கூட்டிக் கணக்குப் போட்டேன். கோட்டூர்புரம், நந்தனம் வரை நான் நேரத்தை மட்டும் சொன்னேன், அவள் ஓட்டினாள்.

காலை 8.20. வடபழனி.

தி.நகர் பனகல் பூங்கா பக்கத்தில் ஒரு தண்ணீர் லாரி எங்களை ஒரு நிமிடம் நிறுத்தியது. அதை ஆற்காடு சாலையில் சரிக்கட்டினோம். வடபழனி வந்தால் முகூர்த்த நாள். முருகன் கோயில் தெருவில் பூப் போட்ட கார்கள் வரிசையாக நின்றன. மாப்பிள்ளை கார் ஒன்று குறுக்கே நின்று வழியை அடைத்துக்கொண்டிருந்தது.

ஸ்டெல்லா தலையை வெளியே நீட்டினாள். "அண்ணே, ரெண்டு அடி முன்னால எடுங்க. பூந்துக்கிறேன்."

"உள்ள மாப்ள மாலைய சரி பண்ணிக்கினு கீறாரு. பொறு தங்கச்சி."

"ரெண்டு அடி தள்ளியும் மாலை சரி பண்ணலாம்ணே. பொண்ணு ஓடிப் போய்டாது."

மாப்பிள்ளையே சிரித்துவிட்டார். வண்டி நகர்ந்தது. கண்ணாடிக்கும் அவர்கள் பூச்சரத்துக்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்கும். பூ ஒன்றுகூட உதிராமல் புகுந்து வந்தாள். முப்பத்தைந்து நொடி பின்தங்கியிருந்தோம். கோடம்பாக்கம் மேம்பாலம் ஏறி இறங்கும்போது கணக்கு நேராகிவிட்டது.

காலை 10.20. மீண்டும் கோபாலபுரம்.

மைதானத்தில் காகிதத் தட்டில் நான்கு இட்லி, வடை அறுபது ரூபாய். எனக்கு இறங்கவில்லை. பலகையில் முடிவை ஒட்டினார்கள். நாங்கள் நான்காவது. முதல் இரண்டு இடத்தில் முந்தியதற்கு மட்டும் நூற்றிரண்டு புள்ளி. டயரைக் கண்டுபிடித்த பிறகு வந்த எல்லா இடத்திலும் சேர்த்து மூன்றே மூன்று. மூன்றாம் இடத்துக்காரருக்கு எண்பத்தொன்று.

ஸ்டெல்லா பலகையைப் படித்தாள். நூற்றிரண்டின் மேல் விரலை வைத்தாள். பிறகு போய் வண்டித் துணியை எடுத்து, சுத்தமாக இருந்த முன்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள். அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

நேராக வெங்கட் சாரிடம் போனேன். எஸ்யுவிக்காரர் உட்பட நாலைந்து பேர் நின்றார்கள். நிற்கட்டும் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "சார், அந்த நூத்தி ரெண்டும் என் தப்பு. மீட்டர் ஒத்துப்போகலைன்னு கலங்கரை விளக்கத்துலயே பாத்தேன். நீங்க தப்பா அளந்துட்டீங்கன்னு எழுதி வெச்சேன். இந்தப் பொண்ணு அடையாற்றுப் பாலத்துலயே வண்டி வேகமாப் போகுதுன்னு சொன்னா. நான்தான் கேக்கலை."

சிவப்பில் அடிக்கோடிட்ட தாளையும் காட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டு, "முள்ளு சரியாக் காட்டறச்சே எப்படித் தெரிஞ்சது?" என்று வண்டிப் பக்கம் திரும்பி அவளிடம் கேட்டார்.

ஸ்டெல்லா துணியை மடித்துக்கொண்டே கம்பங்களைப் பற்றிச் சொன்னாள். அவர் நம்பவில்லை. நான் கொடுத்த தாளையே கிழித்து ஸ்பீடோமீட்டர் மேல் ஒட்டினார். தன் போனில் வேகம் காட்டுகிறதை எடுத்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் ஏறினார். "இருபது, முப்பது, நாப்பது. வந்துடுத்துன்னு தோணினா சொல்லு."

வண்டி தெருக்கோடியில் திரும்பி மறைந்தது. நான் சாமி கும்பிடுகிறவள் இல்லை. அந்த ஏழு நிமிடம் கும்பிட்டேன்.

திரும்பி வந்து இறங்கியவர் போனை என்னிடம் காட்டவில்லை. தானே இன்னொரு முறை பார்த்துக்கொண்டார். "இருபது, முப்பத்தொண்ணு, நாப்பது," என்றார். பிறகு அவளிடம், "லிஸ்ட் மாறாது. நாலாவதுன்னா நாலாவதுதான். ஆனா சனிக்கிழமை கார்த்தால ட்ராக்குக்கு வா. வண்டி நான் தரேன், சொல்லியும் தரேன். சர்டிபிகேட் நீ ஓட்டறதைப் பொறுத்து," என்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார். "அடுத்த ராலிக்கு இந்தம்மாதான் பக்கத்துல உக்காரணுமா நோக்கு?"

"வேணாம் சார்," என்றாள் ஸ்டெல்லா. யோசிக்கவே இல்லை.

எனக்குச் சுருக்கென்றது. ஒன்றரை மணி நேரம் மடியில் பேனாவும் கடிகாரமுமாக இந்த ஊரைச் சுற்றியது போல் வருடக்கணக்கில் எதுவும் எனக்குச் சந்தோஷம் தந்ததில்லை. அது அத்தோடு முடிந்தது.

என் வீடு அங்கிருந்து இரண்டு தெரு. கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்தேன். பின்னாலேயே வண்டி வந்து பக்கத்தில் ஊர்ந்தது. ஸ்பீடோமீட்டர் மேல் தாள் அப்படியே இருந்தது.

"கோச்சிக்கினீங்களா டீச்சர்?"

"ஆமா," என்றேன். கொஞ்ச தூரம் நடந்தேன். "ஆனா நீ சொன்னது சரி. பாலத்துல சொன்னதும், இப்போ வேணாம்னு சொன்னதும்."

ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு அவளிடம் அதை அப்போதுதான் சொன்னேன். நான்கு வருடத்தில் அதுதான் முதல் தடவை. ஸ்டெல்லா வண்டியை நிறுத்தி, என் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள்.