நாகல் நகரில் ஒரு கடல், ஸ்கிம்மர் இல்லாமல்

திண்டுக்கல்லில் கடல் இல்லை. அதற்காக இங்கே யாரும் கடல் மீன் வளர்க்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை.

நாகல் நகரில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் முன்னறையில் ஒரு கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. துளை விழுந்த பாறைகள், மணல், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள், காளான் குடைபோல விரியும் ஒரு பவளம். பவளம் உயிருள்ளது என்பதே எனக்குக் கல்லூரியில்தான் தெரிந்தது. நெய்க்காரப்பட்டிப் பக்கம் காய்கறி போடும் குடும்பம் எங்களுடையது. அதில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். இப்போது ஒரு தனியார் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

தொட்டி வைத்த புதிதில் மீன் கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "புரோட்டீன் ஸ்கிம்மர் இல்லாம பவளமா? மூணே மாசம் டீச்சர். அப்புறம் உங்க வீட்டுக்கு நான் வழி கேக்க வேண்டியதில்ல, நாத்தத்த வச்சே வந்துருவேன்."

ஸ்கிம்மர் என்பது தண்ணீரில் நுரை கிளப்பி, அந்த நுரையோடு மீன் கழிவை ஒரு கிண்ணத்தில் ஒதுக்கும் கருவி. நல்ல கருவிதான். அது ஒன்றே வழி என்பதைத்தான் நான் ஒப்புக்கொள்ளவில்லை. என் தொட்டிக்குக் கீழே ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டி உண்டு. அதில் பச்சை நூல் சிக்குப் போட்டதுபோல ஒரு கடல்பாசி. மேலிருந்து இறங்கும் தண்ணீரில் உள்ள கழிவை அது உரமாகத் தின்று வளரும். தெளிந்த தண்ணீரை மோட்டார் மறுபடி மேலே ஏற்றிவிடும். மீன் குறைவு, தீனி குறைவு, ஞாயிறுதோறும் சுத்திகரித்த தண்ணீரில் உப்பைக் கரைத்துக் கொஞ்சம் மாற்றுவேன். ஒரு வருடம் தாண்டியும் ஓடியது. நாற்றம் வரவில்லை. கடைக்காரரும் வரவில்லை.

பிறகு ஒரு பயிற்சிக்காக நான் மதுரைக்குப் போக வேண்டிவந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து அம்மா வந்தாள். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது வீடு பளபளவென்று இருந்தது. கீழே இருந்த கண்ணாடிப் பெட்டியும் பளபளவென்று இருந்தது.

"ம்மா, இதுல இருந்த பாசி எங்க?"

"அதையேன் கேக்கற கண்ணு. பூராம் மண்டிக் கெடந்துச்சு. உட்கார்ந்து ஒண்ணு விடாமப் பறிச்சுட்டேன். வீட்டுக்காரங்க கருவேப்பிலை மரத்துக்குத் தழை உரமாப் போட்டாச்சு."

விடிந்து எழுந்தால் களை எடுக்கப் போகிறவள் அவள். களை நிற்பதைப் பார்த்துக்கொண்டு அவளால் சும்மா உட்கார முடியாது. போதாததற்கு, மீன் வாயைத் திறந்து திறந்து பார்க்கிறது என்று தீனியை வேறு அள்ளிப் போட்டிருந்தாள்.

"அதுதான்மா தண்ணிய சுத்தம் பண்ணுது. களை இல்ல அது."

"எனக்கென்ன தெரியும்? ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்கோணும்."

"ஒட்டியிருந்தா யாரு படிச்சிருப்பா?"

அம்மா என்னை முறைத்துப் பார்த்தாள். பிறகு இருவருக்குமே சிரிப்பு வந்துவிட்டது. தொட்டிக்குத்தான் சிரிப்பு இல்லை. நாலைந்து நாளில் தண்ணீர் மஞ்சளாகியது. கழிவு எவ்வளவு என்று காட்டும் நைட்ரேட் சோதனைக் குழாய் ஆரஞ்சு தாண்டிச் சிவந்தது. பவளம் சுருங்கி, மெழுகு பூசியதுபோல ஒரு தோல் போர்த்திக்கொண்டது.

கடைக்குப் போய்ப் பாசி கிடைக்குமா என்று கேட்டேன். "பாசியெல்லாம் யாரு வாங்குறா?" என்றார். நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. "விடுங்க டீச்சர். என்கிட்ட ஒரு ஸ்கிம்மர் சும்மா கெடக்கு. கொண்டுபோய் மாட்டுங்க, காசு வேணாம். இம்புட்டு வீம்பு எதுக்கு?"

வேண்டாம் என்றேன். அன்று சாயங்காலமே ஆட்டோவில் பெட்டியை அனுப்பிவிட்டார். டேப் ஒட்டிய அட்டைப்பெட்டி வாசல் ஓரம் உட்கார்ந்திருந்தது. அம்மா அதன்மேல் வெங்காயக் கூடையை வைத்தாள்.

வீம்பு என்றால் வீம்புதான். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு கெமிஸ்ட்ரி என்று கேட்டவர்களிடமும் இதே வீம்புதான் எனக்குக் கைகொடுத்தது. ஆனால் அன்று பந்தயத்தில் இருந்தது என் மானம் மட்டும் இல்லை, மீன்களின் உயிரும்தான். அவை என்னிடம் வந்து எதையும் நிரூபிக்கச் சொல்லவில்லை. அதனால் எனக்கு நானே ஒரு எல்லை போட்டேன். மீன்கள் மேலே வந்து மூச்சு வாங்கினால், அந்த நிமிடமே ஸ்கிம்மர் பெட்டியைப் பிரிப்பேன். அதுவரை தொடமாட்டேன்.

தீனியைக் கிட்டத்தட்ட நிறுத்தினேன். ஞாயிறு வரை காத்திருக்காமல் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் மாற்றினேன். தொட்டி தேறும்வரை ஊருக்குப் போவதில்லை என்று தங்கிவிட்ட அம்மா, பழைய தண்ணீரை வாளியில் சுமந்து சாக்கடையில் ஊற்றினாள். கருவேப்பிலைப் பக்கம் போகவே இல்லை. உப்புத் தழை போட்டதில் அது பாதி இலையை உதிர்த்திருந்தது.

ஒருநாள் மோட்டாரைக் கழற்றிக் கழுவும்போது உறிஞ்சும் வாயில் பச்சை நூல் கொஞ்சம் சிக்கியிருந்தது. சுண்டுவிரல் அளவுகூட இருக்காது. அம்மா எட்டிப் பார்த்தாள். "நான் எடுத்து ஒண்ணு மிஞ்சிருச்சா?" அவள் குரலில் இருந்தது சந்தோஷம் இல்லை, ஒரு களையை விட்டுவிட்ட அவமானம்.

அதைக் கீழ்ப்பெட்டியில் போட்டு, வெளிச்சம் படும்படி விளக்கை அதன் பக்கம் திருப்பி வைத்தேன். தண்ணீரில் உரம் தாராளமாக இருந்ததே, அது தின்று தின்று பெருத்தது. மீன்கள் ஒருநாளும் மேலே வரவில்லை. சோதனைக் குழாயின் நிறம் வாரத்துக்கு வாரம் வெளுத்தது. ஒரு சனிக்கிழமை, பவளத்தின் மேலிருந்த மெழுகுத் தோல் கிழிந்து நீரோட்டத்தில் போனது. அடியில் பழுப்பாக, புதிதாக, குடை விரிந்திருந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாம்பு சட்டை உரிச்ச மாதிரி" என்றாள். பிறகு கீழ்ப்பெட்டியைப் பார்த்து, "களை மறுபடி மண்டிருச்சு. இப்பவாவது பாதி அறுக்கட்டுமா?"

அறுக்கச் சொன்னேன். பாதி அறுத்தால்தான் மீதி வளரும்.

அறுத்த பாசியைத் தொட்டித் தண்ணீரோடு ஒரு பாலித்தீன் பையில் கட்டி, ஸ்கிம்மர் பெட்டியின் மேல் வைத்துக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் பையைப் பார்க்கவில்லை. பெட்டியின் டேப்பை ஓரம் ஓரமாக விரலால் தடவினார். பிரித்து ஒட்டியிருப்பேன் என்று சந்தேகம்.

"மாட்டவே இல்லையா?"

"இல்லண்ணே. வெங்காயக் கூடைக்கு உதவுச்சு."

"இந்தப் பை?"

"நீங்க விக்காத பாசி. வச்சுக்கங்க."

அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏதாவது சொல்லட்டும் என்று நான் காத்திருக்கவில்லை.

"உப்பு ஒரு வாளி குடுங்கண்ணே," என்றேன். "நாளைக்கு ஞாயித்துக்கெழம."