நாளைக்கு வெள்ளம் வரும்

போன வாரம் எங்கள் தெருவே சாமான்களைத் தூக்கிக்கொண்டு மாடியேறியது. காரணம் — அடியேன்தான்.

சொல்கிறேன்.

இந்த மழையில் எங்கள் ஊர்க் குளம் உடைந்ததைப் பற்றி இதே பக்கத்தில் அப்போதே புலம்பியிருந்தேன். என் மனைவிக்குத் தொடை எலும்பு முறிந்து, பிளேட் வைத்து, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிது. இடுப்பளவுத் தண்ணீரில் அவளைக் கட்டிலோடு நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் பின்னாலேயே குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பாதி உடம்பு தண்ணீருக்குள் இருப்பவனுக்குக் குடை எதற்கு? அன்று அதெல்லாம் தோன்றவில்லை.

தண்ணீர் வடிந்தது. ஊர் மெல்ல எழுந்தது. எங்கள் பஞ்சாயத்துத் தலைவி ஷீலா, ஊருக்கெல்லாம் பிரசிடென்ட் அக்கா, வாட்ஸ்அப் குழுவில் அவ்வப்போது ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுவார். எந்த வேலை முடிந்தது, அடுத்து எது, எதற்கு இன்னும் பொறுக்க வேண்டும்... எல்லாம் அதில் இருக்கும். முதலில் குளத்தங்கரை. பிறகு ஆறு இழுத்துக்கொண்டு போன குடிநீர்க் குழாய்; அதுவரை லாரித் தண்ணீர். ரோடு கடைசியில்தான் என்று கறாராகச் சொல்லிவிட்டார். ரோடுதான் முதலில் வேண்டும் என்று சண்டைக்குப் போனவர்கள் ஏழு பேர். எண்ணினேன். ஏழு பேரிடமும் கார் இருக்கிறது.

போன வாரம் ஒரு சாயங்காலம் அப்படியொரு மெசேஜ் வந்தது. அவசரமாகப் பேசியிருந்தார். பின்னால் ஏதோ மோட்டார் சத்தம்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. நாளைக்கு காலத்தே நம்ம ஊர்ல வெள்ளம் வரும். பாத்திரத்தை எல்லாம் எடுத்து ரெடியா வச்சுக்கிடுங்க. முதல்ல கலங்கித்தான் வரும், ஆரும் பேடிக்கண்டாம். கூடிப்போனா ஒரு மணிக்கூர் நிக்கும்."

பேடிக்கண்டாமாம்! பயப்படாமல் எப்படி இருப்பது?

வானத்தைப் பார்த்தேன். ஒரு மேகம் இல்லை. அதனால் என்ன? மேலே மலையில் பெய்தால் போதாதா? அணையைத் திறந்தால் போதாதா? மணல்மூட்டை அடுக்கிய கரை எவ்வளவுதான் தாங்கும்? ஒரு மணி நேரம்தான் நிற்கும் என்று வெள்ளத்திடம் யார் எழுதி வாங்கினார்கள்?

குழுவைப் பார்த்தேன். முப்பத்தொரு பேர் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள். எல்லாரும் கடவுளை வேண்டுகிறார்கள் என்று எனக்கு இன்னும் வயிறு கலங்கியது. ஒருவர் மட்டும் ஆடும் பொம்மை போட்டிருந்தார். ஊர் மூழ்கும்போது ஆடுகிற ஜென்மமும் உண்டே என்று நினைத்துக்கொண்டேன்.

மனைவியிடம் மூச்சு விடவில்லை. கட்டில் தண்ணீரில் தள்ளாடிய அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் சரியில்லை. அதிர்ச்சி கூடாது என்பது டாக்டர் உத்தரவு. இன்னொரு முறை விழுந்தால் எழுந்து நடப்பது கஷ்டம் என்று சொன்னவரும் அவர்தான்.

நேராக எதிர்வீட்டு ராஜமணியிடம் போனேன். வளைகுடாவில் வேலை பார்த்து வந்து மாடி கட்டியவர். நாளைக் காலையில் வெள்ளம், பிரசிடென்டே சொல்லிவிட்டார் என்றேன். அவர் மெசேஜைக் கேட்டுப் பார்க்கக்கூட இல்லை. கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டையர் ஆனவன் சொன்னால் யார் சரிபார்ப்பார்கள்? அவர் அடுத்த வீட்டில் சொன்னார். அவர்கள் அதற்கடுத்த வீட்டில். எங்கள் தெருவில் பதினெட்டு வீடு. விளக்கு வைப்பதற்குள் பதினெட்டிலும் அரிசி மூட்டை, கிரைண்டர், குடம், அண்டா என்று எல்லாம் மாடிக்கும் பரணுக்கும் போய்விட்டன.

மனைவியை எப்படி மாடியேற்றுவது? நம் வீட்டுக்கு மருந்தடிக்க வருகிறார்கள், அந்த நெடி உனக்கு ஆகாது, ஒரு ராத்திரி ராஜமணி வீட்டு மாடியில் இருந்துவிட்டு வருவோம் என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"மருந்தடிக்கதுக்கா தெருவே அரிசி மூட்டையைத் தூக்கிட்டு ஓடுது?"

அரிசியில் மருந்து படக்கூடாதல்லவா என்றேன். பொய் சொல்வதில் எனக்கு நூற்றுக்கு முப்பத்தைந்துதான் போடலாம். பாஸ் மார்க். அவ்வளவுதான்.

பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்காரவைத்து, ராஜமணியும் அவர் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு படியேறினார்கள். திருப்பத்தில் நாற்காலி ஒருபக்கமாகச் சாய்ந்தது. அவள் சுவரைப் பற்றிக்கொண்டாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டது நான். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று நானே இவளை விழவைக்கப் போகிறேனோ...

விழவில்லை. அவளைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு, எங்கள் குடங்களையும் தூக்கிவரக் கீழே இறங்கினேன்.

காலையில் மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து குளத்தங்கரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெயில் அடித்தது. கரையில் ஐந்து கொக்கு. கரை அசையவில்லை. வெள்ளத்தை ஏன் இன்னும் காணவில்லை? வெள்ளம் வரவில்லையே என்று கவலைப்பட்டவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அப்போது கீழே தெருக்குழாய் இருமியது. முதலில் வெறும் காற்று. பிறகு செம்மண் நிறத்தில் குபுகுபுவென்று தண்ணீர். அடுத்த தெருவிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது: "ஏட்டி, வெள்ளம் வந்தாச்சு. குடத்தைக் கொண்டா."

உள்ளே கட்டிலிலிருந்து என் மனைவி கூப்பிட்டாள்.

"கேட்டியளா... வெள்ளம் வந்துட்டாம்லா. நம்ம குடத்தை எல்லாம் எங்க கொண்டு வச்சிருக்கிய?"

வெள்ளம்!

அவள் பிறந்த ஊர் திருவட்டாறு. மேற்கே அந்தப் பக்கத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். குடிக்கிற தண்ணீர். பிரசிடென்ட் அக்கா பிறந்ததோ களியக்காவிளை, அதற்கும் மேற்கே, கேரள எல்லையில். குழாய் சரியாகிவிட்டது, நாளை தண்ணீர் வரும், குடத்தை எடுத்து வையுங்கள் என்று அந்த மனுஷி நல்ல சேதி சொல்லியிருக்கிறார். அந்த முப்பத்தொரு பேர் கைகூப்பியது நன்றி சொல்வதற்கு!

எனக்கு இது தெரியாதா? கல்யாணமான நாளிலிருந்து, இலைக்கு முன்னால் உட்கார்ந்தால் "வெள்ளம் வைக்கட்டா?" என்றுதான் என் மனைவி கேட்கிறாள். ஒரு நாளாவது நான் எழுந்து ஓடியிருக்கிறேனா? டம்ளரைத்தான் நீட்டியிருக்கிறேன். ஆனால் குளம் ஒருமுறை உடைந்துவிட்டால், காதுக்குள் இருக்கும் அகராதியும் நனைந்துபோகிறது. இரண்டு அர்த்தத்தில் கெட்டது மட்டும்தான் மிதந்து மேலே வருகிறது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கரை நிற்கிறது. கட்டிலை யாரும் தூக்க வேண்டாம். எங்கிருந்தோ ஒரு சிரிப்பு வந்தது. கண்ணிலும் ஏதோ வந்தது.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மெசேஜை இரண்டு முறை போடச் சொல்லிக் கேட்டாள். தொடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மழைக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கப்பிடாதா? நான் பேடிச்சிருவேன்னு நீங்க பேடிச்சு, தெருவையே பேடிக்க வச்சிட்டிய."

கீழேயிருந்து ராஜமணி அண்ணாந்து பார்த்தார். "அண்ணாச்சி, வெள்ளம் வந்துட்டு. பிடிக்கதுக்குத்தான் ஒரு பாத்திரமும் கீழ இல்ல."

அப்புறம் என்ன? ஏறின குடமெல்லாம் இறங்கின. என்னைத் திட்டியபடியேதான் எல்லாரும் பிடித்தார்கள். ஆனாலும் பதினெட்டு வீட்டிலும் குடம் நிறைந்தது.

குழாயைப் பார்க்க பிரசிடென்ட் அக்கா வந்தார். நான் முறையிட வாயைத் திறப்பதற்குள் தெருவே முந்திக்கொண்டது. முதலில் சிரித்தார். பிறகு முகம் மாறிவிட்டது. கூட்டத்தில் என்றால் எழுதி வைத்து வாசிப்பாராம், தப்பாதாம். குழாயில் தண்ணீர் ஏறியதைப் பார்த்த சந்தோஷத்தில் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது என்று வருத்தப்பட்டார். இனிமேல் தண்ணீர் என்றே சொல்வதாகவும் ஒப்புக்கொண்டார். எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் பாக்கியிருந்தது. கவலைப்படுகிறவனுக்கு அது எப்படித் தீரும்? நிஜமாகவே அந்த வெள்ளம் வந்தால் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டேன்.

அவர் ராஜமணி வீட்டு மாடியைப் பார்த்தார்.

"அன்னைக்கு மெசேஜ் எல்லாம் போட மாட்டேன் சாரே. கட்டிலைத் தூக்க ஆளோட முதல்ல உங்க வீட்டுக்குத்தான் வருவேன்."



ரோடு எப்போது, தெருவிளக்கு எப்போது என்பதெல்லாம் அவருடைய மெசேஜில் வந்துவிடும். ஊர் எப்போது தேறும்? அதற்கு என்னிடம் ஒரு கணக்கு இருக்கிறது — வெள்ளம் என்று காதில் விழுந்ததும் வயிறு கலங்கக்கூடாது. தாகம் எடுக்க வேண்டும்.